பிடியரிசியும் முகில் காடும்

2024 ஆம் ஆண்டு மார்ச் மாதப் பாடசாலை விடுமுறையின்போது, எமது மூத்த மகளின் உயிரியல் வகுப்பு மாணவர் இருபத்திரண்டு பேர் கொஸ்ரா ரீக்கா நாட்டுக்கு ஒன்பது நாட் கல்விச் சுற்றுலா சென்றனர். துணைக்குப் பெற்றோர் இருவர் வேண்டும் என்று ஆசிரியை கேட்டிருந்தார். மகள் வெட்கப்படுவாள் என்று எண்ணியே விண்ணப்பித்தோம், அவள் மறுக்கவில்லை. மார்ச் மாதம் வருமான வரிக் காலம். அக்காலத்தில் ஒரு கணக்காளன் விடுமுறை எடுப்பது ஐப்பசி மழைக்குள் கமக்காரன் கலியாண வீட்டுக்குப் போவது போன்றது. எமது அலுவலகத்தவர் இதை இன்னும் மன்னிக்கவில்லை.

மகள் தான் அங்கு கண்டவற்றைப் பற்றி இம்மடலின் ஆங்கிலப் பகுதியில் முன்னரே எழுதிவிட்டாள். பறவைகளின் பெயரும் நிறமும் அறிய விரும்புவோர் அதனைப் படிக்கலாம். நாம் எழுத வந்தது அங்கு எம்மைப் பிடித்துக்கொண்டு இன்னும் விடாதிருக்கும் ஒரு கேள்வியைப் பற்றி. தனக்கே காணாத நிலையில் இருப்பவன், பிறருக்கென்று ஒரு பங்கை ஒதுக்கி வைக்க வேண்டுமா? அல்லது முதலில் தன் காலில் நின்றுகொண்டு, பிறகு ஒதுக்குவதுதான் முறையா?

எம்மைப் போல் அகதியாக வந்தவர்களில் பலர் இரண்டாவதே சரி என்பார்கள். நாமும் அப்படித்தான் சொல்லி வந்தோம். 2009 இல் இரண்டு வயதுக் குழந்தையுடன் ரொறன்ரோவில் வந்து இறங்கியபோது எம்மிடம் இருந்தது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வணிகத்துறைப் பட்டச் சான்றிதழ் ஒன்றும் இரண்டு பைகளும்தான். முதலில் வழக்கு முடியட்டும் என்றோம். பிறகு இந்நாட்டுத் தேர்வுகளை எழுதி முடிப்போம் என்றோம். பிறகு வீடு, பிறகு வீட்டுக் கடன். அந்தக் கடனுக்கு இன்னும் பதினேழு வருடங்கள் இருக்கின்றன.

கொஸ்ரா ரீக்காவின் வடமேற்கில் லிபேரியா என்றொரு நகரம். விமானக் கதவு திறந்ததும் உள்ளே வந்த காற்று எம்மை ஒரு நிமிடம் அப்படியே நிறுத்திவிட்டது. சுட்ட மண்ணும் காய்ந்த புல்லும் கலந்த வாசம். பதினைந்து ஆண்டுகளாக எமது மூக்கு அதை மறக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. பின்னர் மகளின் வரைபடத்தில் பார்த்தோம். யாழ்ப்பாணம் வட அகலக்கோடு 10 பாகைக்குச் சற்றுக் கீழே. நாம் போகவிருந்த மலை 10 பாகைக்குச் சற்று மேலே. உலகின் மறுபக்கத்தில், ஏறத்தாழ அதே கோட்டில் நின்றுகொண்டிருந்தோம். தெருவோரம் கொய்யா, பப்பாசி, மரவள்ளி. எங்களுடையவை என்று நாம் உரிமை கொண்டாடும் இவையெல்லாம் உண்மையில் அமெரிக்க வெப்ப வலயத்திலிருந்து கப்பலேறி எமது ஊருக்கு வந்தவை. மிளகாயும் அப்படித்தான். அந்த வகையில் எமது சமையலறைக்கு அது தாய்வீடு.

அங்கிருந்து பஸ் வண்டியில் மலையேறினோம். மொன்ரேவேர்டே என்பது இடத்தின் பெயர். பசுமலை என்று பொருள். அங்குள்ள காட்டை முகில் காடு என்கிறார்கள். கரீபியன் கடலிலிருந்து வரும் காற்று மலையில் மோதி மேலெழுந்து, குளிர்ந்து, முகிலாகி, மரங்களுக்குள்ளேயே புகுந்து தங்கிவிடுகிறது. மழை பெய்யாத நேரத்திலும் இலைகளும் பாசியும் முகிலிலிருந்து நீரைச் சீவி எடுத்துச் சொட்டிக்கொண்டிருக்கும். அந்தச் சொட்டுக்களும் சேர்ந்தே கீழே ஓடும் ஆறுகளுக்கு நீர் கிடைக்கிறது. கொப்புகளின் மேலே பன்னங்களும் ஓர்க்கிட்டுகளும் பாசியும் தோட்டம் போல் வளர்ந்திருக்கும். இவை மேலொட்டிகள், ஒட்டுண்ணிகள் அல்ல என்று வழிகாட்டி அழுத்திச் சொன்னார். மரத்தின் சாற்றை அவை உறிஞ்சுவதில்லை. காற்றிலும் முகிலிலும் கிடைப்பதைக் கொண்டு வாழ்ந்து, இறந்து, கொப்பின் மேலேயே ஒரு மண்படையை உண்டாக்குகின்றன. சில மரங்கள் தமது கொப்பிலிருந்தே வேர் விட்டு அந்த மண்ணிலிருந்து சத்தை எடுத்துக்கொள்கின்றனவாம். பாரம் கூடினால் கொப்பு முறிவதும் உண்டு என்றும் அவர் சேர்த்துக்கொண்டார். வந்த நாடு தந்ததைத் தின்று வாழ்கிறார்கள் என்ற பேச்சைப் பேருந்திலும் வேலைத்தலத்திலும் கேட்டிருக்கும் நாம், அந்த இரண்டு சொற்களையும் குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொண்டோம்.

இனி, அந்தக் காடு எப்படிக் காடாகவே இருக்கிறது என்ற கதைக்கு வருவோம்.

குவேக்கர் எனப்படுவோர் கிறிஸ்தவ சமயத்தின் ஒரு சிறு பிரிவினர். கொல்லாமையை எம்மவர் போல் உணவு வரை கொண்டுபோகாவிட்டாலும், ஆயுதம் தூக்கி மனிதரைக் கொல்வதில்லை என்பதில் உறுதியானவர்கள். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஃபெயார்ஹோப் என்ற ஊரில் வாழ்ந்த இவர்களில் நான்கு இளைஞர், இராணுவப் பதிவுக்குப் பெயர் கொடுக்க மறுத்து 1949 இல் சிறைத் தண்டனை பெற்றனர். வெளியே வந்ததும், இராணுவம் இல்லாத ஒரு நாட்டைத் தேடினார்கள். 44 நாள் உள்நாட்டுப் போர் ஒன்றை அனுபவித்திருந்த கொஸ்ரா ரீக்கா, 1948 டிசெம்பரில் தனது இராணுவத்தைக் கலைத்திருந்தது. நாட்டுத் தலைவராயிருந்த ஹோசே ஃபிகேரெஸ் படைமுகாமின் சுவரில் சம்மட்டியால் அடித்து அதனை அறிவித்தார். அந்த முகாம் இன்று தேசிய நூதனசாலை. 1983 முதல் 2009 வரை நீடித்த ஒரு போரிலிருந்து வந்தவர்களுக்கு இந்தக் கதையைக் கேட்கும்போது என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. இலங்கையிலும் சிறிய நாடு அது.

பதினொரு குடும்பங்கள், நாற்பது பேர் வரையில், 1951 இல் இந்த மலையில் ஏறத்தாழ 1,400 ஹெக்டேயர் நிலத்தை வாங்கின. நல்ல தெரு இல்லை, மின்சாரம் இல்லை. பால் மலையிறங்குவதற்குள் கெட்டுவிடும் என்பதால் பாலாடைக்கட்டி செய்து விற்கத் தொடங்கினார்கள். மேய்ச்சல் நிலத்துக்காக மரங்களை வெட்டினார்கள். இவர்களை முனிவர்களாக எண்ண வேண்டாம். சிறை சென்ற நால்வரில் ஒருவரான வில்ஃபோர்ட் கின்டன் என்பவர் பிற்காலத்தில் மரமரியும் இயந்திரங்களைக் கூட விற்றவர். ஆனால் வந்த புதிதில், ஒரு சதம் வருமானம் வருமுன்னரே, ஒரு காரியம் செய்தார்கள். மலையின் மேற்புறத்தில், ஆறு பிறக்கும் இடத்தில், 554 ஹெக்டேயரை வெட்டுவதில்லை என்று ஒதுக்கி வைத்தார்கள். வாங்கிய நிலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். 1972 இல் ஜோர்ஜ் பவல் என்ற ஆராய்ச்சி மாணவர் பறவைகளைப் படிக்க வந்து, காடு அழிவதைக் கண்டு பாதுகாப்புக்கு ஏற்பாடு செய்தபோது, அவருக்குத் துணையாக நின்றவர் அதே கின்டன். அதற்குப் பிறகு 2016 இல் இறக்கும் வரை அந்தக் காட்டின் காவலராகவே அறியப்பட்டார். குவேக்கர் ஒதுக்கிய பகுதியும் பின்னர் அந்தக் காப்பகத்துடன் சேர்ந்தது.

இதை வழிகாட்டி சொல்லி முடித்தபோது மாணவர்கள் வேறு எதையோ படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நாம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம்.

கணக்கியல் படித்தவர்கள் அறிவார்கள்: ஒதுக்கம் என்பது இலாபத்திலிருந்து செய்யப்படுவது. முதலில் விற்பனை, பின்னர் செலவு, பின்னர் இலாபம், அதிலிருந்து பொது ஒதுக்கம். நட்டம் வந்த வருடத்தில் ஒதுக்கம் இல்லை. எந்தக் கணக்காய்வாளரும் இதில் குறை காணமாட்டார். இந்தக் குவேக்கர்களோ இலாப நட்டக் கணக்கைத் திறக்கு முன்னரே ஒதுக்கத்தை எழுதிவிட்டார்கள். அந்த நாட்டு அரசும் பின்னாளில் அதுபோன்ற ஒன்றைச் செய்தது. 1996 இல் ஒரு சட்டம் இயற்றி, காட்டைக் காக்கும் நில உரிமையாளருக்கு 1997 முதல் பணம் கொடுக்கத் தொடங்கியது. அதற்கென எரிபொருள் வரியில் ஒரு பங்கு ஒதுக்கப்பட்டது. ஒரு காலத்தில் காடழிப்புக்குப் பெயர்போன நாட்டில் இன்று பாதிக்கு மேல் மீண்டும் மரம் நிற்கிறது.

உடனே எமது மனம் எதிர்வாதம் தேடியது. சொந்தத் தண்ணீருக்காகத்தானே அவர்கள் மேற்காட்டை விட்டு வைத்தார்கள், இதில் தர்மம் எங்கே? அது உண்மை. ஆனால் தண்ணீர் கீழே ஓடுவது. அவர்களுடைய வேலியில் நிற்பதில்லை. இன்னொரு வாதம் இதைவிடக் கடுமையானது. அவர்கள் தாமே முடிவு செய்து, காணி பூமியை விற்று, கையில் காசோடும் கடவுச்சீட்டோடும் வந்தவர்கள். நாம் துரத்தப்பட்டு வந்தோம். 1,400 ஹெக்டேயர் வாங்கக்கூடியவனுக்கு 554 ஐ ஒதுக்குவது பெரிய காரியமா? கொல்லாமையும் கொடையும் வசதியுள்ளவர்களுக்கு மட்டுமே கட்டுபடியான அறங்களா? இந்த வாதத்தில் நாம் வென்றுவிட்டோம் என்றே அன்றிரவு படுக்கப் போனோம்.

அடுத்த நாள் மாணவர்கள் ஒவ்வொருவரும் ஓர் உயிரினத்தைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. எமது மகள் எடுத்துக்கொண்டது பொன் தேரை. ஆண் தேரை தங்கம் போலவே செம்மஞ்சள் நிறமானது. உலகில் வேறெங்கும் இல்லாமல் இந்த மலையுச்சியில் சில சதுர கிலோமீற்றருக்குள் மட்டும் வாழ்ந்தது. 1966 இல்தான் விஞ்ஞானிகள் அதனை விவரித்து எழுதினார்கள். 1987 இல் இனப்பெருக்க காலத்தில் 1,500 க்கும் மேற்பட்டவை காணப்பட்டன. 1989 இல் ஒன்றே ஒன்று. அதன் பிறகு எவரும் கண்டதில்லை. 2004 இல் அழிந்த இனமாக அறிவித்தார்கள். தோலைத் தாக்கும் ஒரு பூஞ்சண நோயும், வழக்கத்துக்கு மாறான வரட்சியும் காரணம் என்று கருதப்படுகிறது. ஒதுக்கி வைத்த காட்டுக்குள்ளேயே, ஒரு மரமும் வெட்டப்படாத நிலையிலேயே அது போய்விட்டது.

பேசி முடித்து வந்து எம் அருகில் அமர்ந்தவள் மெதுவாகக் கேட்டாள். "அப்பா, காடு அப்பிடியே இருந்ததுதானே. பிறகேன் அது செத்தது?"

கல்லினுள் தேரைக்கும் படியளப்பவன் இறைவன் என்று எமது தாயார் அடிக்கடி சொல்வார். அந்தச் சொல் எமது வாய் வரை வந்தது. சொல்லவில்லை. தேரை அழிந்ததைப் பற்றி இப்போதுதான் கேட்ட பிள்ளையிடம் அதை எப்படிச் சொல்வது? "தெரியேல்லை பிள்ளை" என்று மட்டும் சொன்னோம். ஆனால் படியளத்தல் என்ற சொல் வாயிலேயே நின்றுவிட்டது.

அது சனிக்கிழமை. மறுநாள் ஞாயிறு காலை, விரும்பியவர்கள் குவேக்கர்களின் வழிபாட்டுக்கு வரலாம் என்றார்கள். மகளும் இன்னும் நான்கு பிள்ளைகளும் நாமும் போனோம். மண்டபம் என்று சொல்லக்கூடிய எளிய கட்டடம், மரத்தாலான வாங்குகள். விக்கிரகம் இல்லை, சிலுவை இல்லை, விளக்கு இல்லை, பாட்டு இல்லை, போதகரும் இல்லை. எல்லோரும் மௌனமாக ஒரு மணி நேரம் இருக்கிறார்கள். எவருக்காவது உள்ளிருந்து சொல்ல ஏதேனும் எழுந்தால் எழுந்து நின்று சொல்லலாம். அன்று எவரும் எழவில்லை. கல்லால மரத்தின் கீழ் வாய் திறவாமல் உபதேசித்த தட்சிணாமூர்த்தியைக் கும்பிட்டு வளர்ந்த எமக்கு அந்த மௌனம் அந்நியமாகப் படவில்லை. உண்மையைச் சொன்னால், முதல் இருபது நிமிடமும் அலுவலகத்தில் தேங்கியிருந்த வரிப் படிவங்களைத்தான் எண்ணிக்கொண்டிருந்தோம். பிறகு வெளியே காற்று மரங்களை உலுக்கிக் கூரையில் நீரைக் கொட்டியது. அரிசி கொட்டுவது போன்ற சத்தம். அப்போதுதான் அந்த ரின் நினைவுக்கு வந்தது.

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமத்திலிருந்து மக்கள் எல்லோரும் ஒரே தெருவால் வெளியேறியது வாசகர் பலருக்கும் நினைவிருக்கும். அப்போது எமக்குப் பதினைந்து வயது. மழைக்குள் நடந்து, தென்மராட்சியில் ஒரு பாடசாலை வகுப்பறையில் ஆறு குடும்பங்களுடன் இருந்தோம். நிவாரண அரிசி அளந்து தருவார்கள். தந்தையார் அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னரே காலமாகிவிட்டார். தாயாரும் நாமும் தம்பியும் தங்கையும். அந்த அரிசி ஒரு வேளைக்குக் கஞ்சியாகவும் ஒரு வேளைக்குச் சோறாகவும் ஆகும். அதற்கு மேல் ஆகாது. அம்மா உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்து ஒரு பழைய பால்மா ரின்னுக்குள் போடுவார். ஊரில் வீட்டில் இருந்தபோது செய்த அதே வழக்கம். ஊரில் அது வீட்டுக்கு வீடு நடப்பதுதான். கோயிலுக்கோ, மடத்துக்கோ, இல்லாதவருக்கோ போகும். ஆனால் அங்கே, அந்த நிலையில்?

ஒரு நாள் பசியில் கத்திவிட்டோம். "எங்களுக்கே காணாது. பிறகேன் அம்மா எடுத்து வைக்கிறியள்?"

அம்மா கோபிக்கவில்லை. ரின்னை மூடிக்கொண்டே சொன்னார். "இது எங்கட பங்கில்லை ராசா."

ரின் நிறைந்ததும் பக்கத்து வகுப்பறையில் தனியே இருந்த ஒரு வயோதிப மாதுக்கு அதைக் கொடுத்தார். அவருக்கும் நிவாரணம் கிடைத்ததே என்று அப்போது நாம் முணுமுணுத்தது கூட நினைவிருக்கிறது. 2012 இல் அம்மா இறந்தபோது எமது வழக்கு இங்கு முடிந்திருக்கவில்லை, போக முடியவில்லை. அந்த ரின்னைப் பற்றி இருபத்தெட்டு ஆண்டுகளாக நாம் நினைத்ததே இல்லை.

அந்த வாங்கில் இருந்துகொண்டு எமது முந்தைய இரவு வாதத்தைத் திரும்பிப் பார்த்தோம். காசும் கடவுச்சீட்டும் உள்ளவனுக்கே கட்டுபடியாகும் என்றோமே, அம்மாவிடம் என்ன இருந்தது? அதைவிட, எமது கணக்கிலேயே ஒரு பிழை இருந்தது. ஒதுக்கம் என்பது எமது இலாபத்திலிருந்து நாம் பிறருக்கு விட்டுக் கொடுப்பது என்று எடுத்துக்கொண்டோம். அதனால்தான் இலாபம் எப்போது வரும் என்று காத்திருந்தோம். அம்மா அந்தப் பிடியைத் தனது வரவிலேயே எழுதவில்லை. வேறொருவருடைய பொருள் தன் கையால் போகிறது, அவ்வளவுதான். அப்படி எழுதினால், காணுமா காணாதா என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. இது எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்ல எமக்குத் துணிவில்லை. பசித்த பிள்ளையின் கோப்பையிலிருந்து எடுப்பதை இன்றும் எம்மால் முழுதாக ஏற்க முடியவில்லை. தம்பி அப்போது மிகவும் மெலிந்திருந்தான். அம்மா தன் பங்கிலிருந்துதான் அந்தப் பிடியைக் குறைத்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது; அதைக் கேட்க இனி வழியில்லை.

மௌனம் முடிந்ததும் எல்லோரும் ஒருவருக்கொருவர் கை கொடுத்தார்கள். மகள் எமது முகத்தைப் பார்த்து, "என்னப்பா, அழுதனீங்களா?" என்றாள். ஒன்றுமில்லை என்றோம்.

இதைக் கதையாக மட்டும் எழுதியிருந்தால் இங்கு நிறுத்தியிருப்போம். ஆனால் இந்த மடலுக்கு எழுத ஒப்புக்கொண்டதே, கீழே வரும் விடயத்தை எழுதத்தான்.

எமது ஒன்றுவிட்ட தமக்கை ஒருவர் ஊரில் இருக்கிறார், கணவர் இல்லை. 2022 இல் அவரது மகனுக்குத் தெற்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. படிப்பு இலவசம்தான். ஆனால் நாடு பொருளாதார நெருக்கடியில் கிடந்த நேரம். அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் வழியில்லை. மாதம் பதினையாயிரம் ரூபா முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். கனடா டொலரில் அது எழுபதைத் தாண்டாது. வீட்டுக் கடன் வட்டி ஏறிக்கொண்டிருந்த காலம் அது. "அடுத்த வருசம் பாப்பம் அக்கா" என்றோம். 2023 இலும் அதையே சொன்னோம். அந்த இரு ஆண்டுகளுக்குள்தான் மகளின் சுற்றுலாவுக்கும் எமது துணைப் பயணத்துக்குமாக ஏழாயிரத்து நானூறு டொலரைத் தவணை முறையில் கட்டி முடித்தோம். பிள்ளையின் படிப்பு என்ற தலைப்பின் கீழ் அதனை எழுதி வைத்திருக்கிறோம். தலைப்பில் பிழையில்லை.

திரும்பி வந்த மறுவாரம் தொலைபேசியில் அழைத்தோம். அக்கா மகிழ்ச்சியாகப் பேசினார். சுகம் விசாரித்தார். பிள்ளை போன இடம் எப்படி என்று கேட்டார். "வெக்கை எங்கட ஊர் மாதிரித்தான் அக்கா" என்றோம். பிறகு தம்பி எப்படிப் படிக்கிறான் என்று கேட்டோம்.

"அவன் மாசியில கட்டாருக்குப் போட்டான் தம்பி. அங்க வேலை கிடைச்சிட்டுது" என்றார். குரலில் குறை எதுவும் இல்லை. குறை இருந்திருந்தால் எமக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

சின்னவள் என்ன செய்கிறாள் என்று கேட்டோம். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறாளாம். உயிரியல் பிரிவு. வங்கிக் கணக்கு இலக்கத்தைத் தாருங்கள் என்றோம். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. தூரத்தில் சேவல் கூவியது கேட்டது. அங்கே விடியும் நேரம்.

"பிறகு சொல்லுறன் தம்பி" என்றார்.

அதன் பின் இரண்டு முறை கேட்டுவிட்டோம். மாதந்தோறும் அந்தத் தொகையை இங்கே வேறொரு கணக்கில் போட்டு வருகிறோம். அக்கா இன்னும் இலக்கத்தைச் சொல்லவில்லை.